காருக்கு வீட்டிலேயே சைலன்சர் மாத்துற தம்பிகளுக்கு

1/ "டாக்டர், கார்ல ஏறினாலே தலைவலி. இறங்கி கொஞ்ச நேரத்துல சரியாயிடுது. மைக்ரேனா?" என்றார் முப்பது வயதுக்காரர். பின்சீட்டில் வரும் குழந்தைக்கும் குமட்டலாம், தூக்கக் கலக்கமாம். "வண்டில சமீபத்துல ஏதாச்சும் வேலை பார்த்தீங்களா?" என்றேன். முகம் மலர்ந்தது. "ஆமா டாக்டர், புது சைலன்சர். வீடியோ பார்த்து நானே மாட்டினேன். சவுண்டு செமயா இருக்கும்!"

2/ அந்த செம சவுண்டைப் பற்றித்தான் இந்த இழை. கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படிங்க.

3/ இன்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடை உங்கள் மூக்குக்கு எட்டாமல் பின்னால் கொண்டுபோய் விடுவதும் அந்தக் குழாயின் வேலைதான். நடுவில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதில் பெரும்பகுதியை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. "பவர் ஏறும்"னு அதை வெட்டிப் போடுறது, செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து வச்சுட்டு "காத்தோட்டம் சூப்பர்"னு சொல்ற மாதிரி.

4/ கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். "புகை நாத்தமே வரலையே"ன்னு நிம்மதியா இருக்காதீங்க.

5/ கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரையும் நம்பாதீங்க. ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கும்போதும் 98 காட்டும். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் அளவு பார்த்தால்தான் தெரியும்.

6/ "சின்ன லீக்தான், பேஸ்ட் அப்பி டேப் சுத்திட்டேன்." இன்ஜின் பக்கம் அந்தக் குழாய் பல நூறு டிகிரி கொதிக்கும். சாதாரணப் பசை அங்கே நிற்காது. சூடு தாங்கும் பேஸ்ட்கூட பட்டறைக்குப் போய்ச் சேரும் வரைதான். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டால் அந்த ஜாயின்ட் மறுபடி ஒழுகும்.

7/ ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் லீக் என்றால் இன்னும் மோசம். வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் குறைவு என்று சென்சார் ஏமாறும். கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். விஷவாயு ஏறும்.

8/ ஷட்டரை இழுத்து விட்டு, இன்ஜினை ஓடவிட்டு, காதை வைத்து லீக் தேடும் ரீல்ஸ் பார்த்தேன். அது பாடம் இல்லைங்க, தற்கொலை. செங்கல் மேல் ஜாக்கி வைத்து அடியில் படுக்கிறார் இன்னொருவர். ஜாக்கி தூக்கத்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு வேணும். லீக் பார்க்கணும்னா, ஆறின வண்டியில் இன்ஜினை அணைத்து, வேக்குவம் கிளீனர் ஊதுற பக்கத்தை டெயில் பைப்பில் வைத்து, ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழி வந்த இடம்தான் ஓட்டை. அடைக்கிற வேலையைப் பட்டறைக்கு விட்டுடுங்க.

9/ "ஃபைன்தானே, கட்டிக்கிறேன்" என்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறையும் உண்டு. மூளை பாதிச்சா எந்த கவுண்டர்ல பணம் கட்டுவீங்க?

10/ காரில் ஒருவருக்கு மேல் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் உடனே நிறுத்துங்க, எல்லோரும் இறங்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதே காரில் போகாதீங்க. "கார்ல வந்தோம், சைலன்சர் மாத்தியிருக்கோம்"னு வாய்விட்டுச் சொல்லுங்க. இல்லேன்னா எங்களுக்கே தோணாது. சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள விஷம் பாதியாகக் குறைய 4-5 மணி நேரம் ஆகும். 100% ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கர்ப்பிணி இருந்தால் காத்திருக்கவே கூடாது. வயிற்றுக் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

11/ அவர் வண்டியைப் பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார்கள். பின்சீட்டுக்கு நேர் கீழே ஜாயின்ட் வாய் பிளந்திருந்தது. சரி செய்ததும் இருவருக்கும் தலைவலி, குமட்டல் எதுவும் இல்லை. அடுத்த முறை வந்தப்போ கேட்டார், "அந்த சவுண்டு மட்டும் திரும்ப வர்ற மாதிரி பண்ணலாமா டாக்டர்?"

12/ "பண்ணுங்க. ஆனா பின்சீட்டுல நீங்க உட்காருங்க, புள்ளையை வீட்ல விட்டுட்டுப் போங்க" என்றேன். தம்பி, உங்களுக்கும் அதே பதில்தான்.