கச்சேரி குடி மாறினால்...

"கச்சேரி" என்றதும் நம் வாசகிகளுக்கு மார்கழி மாதமும், சபா கான்டீன் காபியும், தம்பூராவின் ரீங்காரமும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் மதுராந்தகம் பக்கத்துப் பாட்டி ஒருத்தியிடம் போய், "கச்சேரிக்குப் போகிறேன், பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள். "ஏம்மா, நிலத் தகராறா? பட்டாவிலே பேர் மாத்தணுமா?" என்றுதான் கேட்பாள். தாலுகா ஆபீஸுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் கச்சேரி. அங்கேயும் பக்கவாத்தியங்கள் உண்டு: மனு எழுதித் தருபவர், ஸ்டாம்பு விற்பவர், "ஐயா இன்றைக்கு வரமாட்டார்" என்று சுருதி சேர்ப்பவர். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பாட்டுக் கச்சேரி பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வந்துவிடலாம். தாலுகாக் கச்சேரியில் அந்தச் சௌகரியம் கிடையாது.

இந்தக் கச்சேரிகளும் நம்மைப் போலவே அவ்வப்போது குடி மாறும். ஊர் விட்டு ஊர் போகும். கடைத்தெருவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போகும். இந்த விஷயத்தில் செங்கற்பட்டு ஜில்லாவின் கதை கேட்கத் தகுந்தது.

சென்னையிலிருந்து ரயிலில் மதுராந்தகம் போகிறவர்கள் அதற்கு முந்தின ஸ்டேஷனான கருங்குழியை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கே நிற்பதில்லை. அந்தச் சின்ன ஊர்தான் கும்பினியார் காலத்தில் ஜில்லாவுக்கே தலைநகரம்! 1825-லிருந்து 1835 வரை தலைநகரம் காஞ்சீபுரத்தில் இருந்துவிட்டு, மறுபடியும் கருங்குழிக்கே திரும்பி வந்தது. 1859-ல் சைதாப்பேட்டையும் சென்னையை ஒட்டிய கிராமங்களும் ஜில்லாவுடன் சேர்ந்தன. கலெக்டர் கச்சேரி சைதாப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. போனது போனதுதான், நூறு வருஷத்துக்கு மேல் அங்கிருந்து அசையவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1946-ல் சைதாப்பேட்டை சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பிறகும் செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் அங்கேயே இருந்தார். வீட்டுக்காரர் அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தம் வீட்டை நிர்வாகம் செய்த மாதிரி!

1968 ஜூலை 1-ந் தேதி, பசலி வருஷம் பிறக்கிற அன்று, தலைநகரம் காஞ்சீபுரத்துக்கு மாறியது. அப்போது முதலமைச்சராக இருந்த அண்ணாவுக்கு அதுவே சொந்த ஊர். 1997-ல் ஜில்லா இரண்டாகப் பிரிந்தபோது மதுராந்தகம் காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 29-ந் தேதி செங்கற்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. 2023-ல் புதிய கலெக்டர் ஆபீஸ் கட்டடமும் திறக்கப்பட்டது.

கருங்குழி, காஞ்சி, மறுபடி கருங்குழி, சைதாப்பேட்டை, மறுபடி காஞ்சி, செங்கற்பட்டு. ஐந்து தடவை குடி மாறியிருக்கிறது. இந்த ஐந்து தடவையில் ஒரு தடவையாவது, "நீ எப்படியம்மா வந்து போவாய்?" என்று மதுராந்தகத்துப் பெண்பிள்ளை ஒருத்தியைக் கேட்டிருப்பார்களா?

கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடி மாறும் கலையில் நம் பெண்களுக்கு நிகர் யாரும் இல்லை. புது வீடு பார்க்கப் போகும் புருஷர் வாடகையையும் வாசல் அழகையும் பார்ப்பார். மனைவியோ நேரே கொல்லைப்புறம் போவாள். குழாயில் தண்ணீர் வருகிறதா? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? ராத்திரியில் தெருவில் விளக்கு எரியுமா? அவசரத்துக்கு டாக்டர் உண்டா? இத்தனையும் கேட்டு, ஆடி மாதம் கழிந்து, நல்ல நாள் பார்த்த பிறகுதான் பால் காய்ச்சுவாள். அரசாங்கம் ஆபீஸ் மாற்றும்போது எத்தனை ஏக்கர், எத்தனை மாடி, எத்தனை கோடி என்ற கணக்கெல்லாம் பத்திரிகையில் வரும். கொல்லைப்புறம் போய்ப் பார்த்தவர் யார் என்பது மட்டும் வராது.

காஞ்சீபுரம் தலைநகரமாக இருந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைதோறும் குறை கேட்பார்கள். செய்யூருக்கு அப்பால் கடற்கரைக் குப்பத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மனுக் கொடுக்க வேண்டும். விடியுமுன் சோறு வடித்து வைத்துவிட்டு மதுராந்தகம் வர வேண்டும். அங்கிருந்து உத்திரமேரூர் வழியாகவோ செங்கற்பட்டு வழியாகவோ காஞ்சீபுரம் போக வேண்டும். வெயிலில் வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கி, வீடு திரும்பும்போது குழந்தைகள் தூங்கிப்போயிருக்கும். அன்றைய கூலி போயிற்று. பஸ் கட்டணமும் போயிற்று. மனுவில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால் அடுத்த திங்கட்கிழமையும் இதே கதை.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஒரு காகிதம். இந்தப் பக்கம் நிற்பவளுக்கு அது ஒரு பகல், ஒரு கூலி, பாதி ராத்திரி. ஆபீஸ் பத்து மைல் தள்ளிப் போனால் காகிதத்தின் கனம் கூடுவதில்லை. அவளுடைய சுமைதான் கூடுகிறது.

அதிகாரி பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுராந்தகத்திலேயே ஒரு கதை உண்டு. ஏரி காத்த ராமர் கோயில் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1790-களில் ஜாகீர் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் துரை. கொட்டும் மழையில் ஏரி உடையும் போல் இருந்த ஒரு ராத்திரி அவர் கரைக்குப் போனார் என்றும், வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் கரையைக் காத்து நிற்பதைக் கண்டார் என்றும், அந்தப் பக்தியில்தான் தாயார் சந்நிதித் திருப்பணிக்கு உதவினார் என்றும் சொல்வார்கள். ராமர் வந்தது அவரவர் நம்பிக்கை. கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. நடுராத்திரியில் கலெக்டர் ஏரிக்கரையில் நின்றார் அல்லவா? சைதாப்பேட்டையில் கச்சேரி இருந்திருந்தால் அந்தக் காலத்துப் பல்லக்கும் குதிரையும் வந்து சேர்வதற்குள் ஏரி என்ன ஆகியிருக்கும்!

ஆபீஸ் எப்போதும் பழைய கட்டடத்திலேயே அடைந்து கிடக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. கரையான் அரித்த கட்டுகள், ஒழுகும் கூரை, சைக்கிள்கூட நிறுத்த முடியாத சந்து, இவற்றைப் பார்த்தவர்கள் புதிய இடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கடைத்தெருவில் ஜீப்பும் லாரியும் மனுதாரரும் மல்லுக்கட்டுவது யாருக்கும் சுகமில்லை. மதுராந்தகத்துக்குச் செங்கற்பட்டு காஞ்சீபுரத்தைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது, ரயிலும் உண்டு. இந்தக் கடைசிக் குடி மாற்றம் நம்மவர்களுக்கு நன்மையாகவே முடிந்தது. ஆகவே இடம் மாறுவது குற்றமல்ல. யாரை நோக்கி மாறுகிறது என்பதுதான் கேள்வி.

கட்டடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் தலைமைச் செயலகம் கோட்டைக்கே திரும்பியது. 2014-ல் அந்தக் கட்டடம் பெரிய ஆஸ்பத்திரி ஆயிற்று. கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் நோயாளிகள் படுத்தார்கள். ஏழைகளுக்கு அதில் லாபம்தான் என்றாலும், இதைத் திட்டமிட்டுச் செய்தது என்று யாராவது சொன்னால் நம் வாசகிகள் சிரிப்பார்கள்.

கடல் தாண்டியும் ஒரு பாடம் உண்டு. மலேசியாவில் கோலாலம்பூர் நெரிசல் தாங்காமல், 1999-ல் பிரதமரின் ஆபீஸைப் புத்ரஜெயா என்ற புது நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அகலமான வீதிகள், செயற்கை ஏரி, அழகான கட்டடங்கள், எல்லாம் உண்டு. ஆனால் அந்த இடம் காலி மனையாக இருக்கவில்லை. பிராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்த பூமி அது. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பக்கத்து ஊரான டெங்கிலில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போக நேர்ந்தது. ஓர் ஆபீஸ் குடி மாறியதில், கேட்பாரில்லாமல் குடி மாறியவர்கள் அவர்கள்.

சரி, மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் சுகமாக இருக்கிறார்களா? அதுவும் இல்லை. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் பெண்களுக்கு 1989-ல் 30 சதவிகித இடம் ஒதுக்கினார்கள். அதை 40 ஆக்குவதாக 2021-ல் அறிவித்தார்கள். இன்றைக்குக் கச்சேரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளும் நம் வீட்டுப் பெண்தான். ஊருக்கு வெளியே ஆபீஸ் போனால் ஜீப்பில் வரும் அதிகாரிக்குக் கஷ்டமில்லை. ஜூனியர் அஸிஸ்டென்டாக இருப்பவளுக்குத்தான் கஷ்டம். சென்னைப் பக்கத்து மின்சார ரயில்களில் பெரும்பாலானவை செங்கற்பட்டோடு நின்றுவிடும். தெற்கே போக வேண்டியவள் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். மாலையில் ஓர் அவசரக் கடிதம் வந்துவிட்டால் ஆறரை மணி பஸ் போய்விடும். விளக்கில்லாத நிறுத்தத்தில் நிற்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரியும். "வேலையை விட்டுவிடேன்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அவளும் ஒரு நாள் விட்டுவிடுவாள். நாற்பது சதவிகிதம் அன்றைக்கு ஒன்று குறையும்.

"இதெல்லாம் பழங்கதை. இப்போதுதான் சான்றிதழ், பட்டா எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறதே" என்று படித்த மருமகன் ஒருவர் சொல்லலாம். உண்மை, இ-சேவை மையங்கள் பல அலைச்சலைக் குறைத்திருக்கின்றன. ஆனால் எல்லைக்கல்லைப் பிடுங்கிப்போட்ட பங்காளியின் அட்டகாசத்தைக் கம்ப்யூட்டரிடம் எப்படிச் சொல்வது? பல வீடுகளில் அந்த டெலிபோனும் மகன் கையில்தான் இருக்கிறது. மகன்மேலேயே மனுக் கொடுக்க வேண்டிய தாய் எங்கே போவாள்?

ஆபீஸ் ஜனங்களிடம் வருவதும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. வருஷந்தோறும் ஜமாபந்தி நடக்கிறதே, அது என்ன? மேலதிகாரி தாலுகாவுக்கே வந்து உட்கார்ந்து, கிராமக் கணக்கைத் தணிக்கை செய்து, மனுவும் வாங்கிக்கொள்கிறார். 2024 ஜனவரியில் தொடங்கிய "உங்களைத் தேடி, உங்கள் ஊரில்" திட்டத்தில், கலெக்டர் மாதத்தில் ஒரு நாள் ஒரு தாலுகாவில் தங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். யோசனை நல்ல யோசனை. ஆனால் விருந்தாளி மாதிரி வந்து போகிற நாளை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எந்த ஆபீஸையாவது வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், நல்லது என்றோ கெட்டது என்றோ உடனே தீர்மானிக்க வேண்டாம். கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு? 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுத்த இலவசப் பயணம் அந்த வாசல் வரை செல்லுமா, இல்லை வெளியூர் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஏற வேண்டுமா? குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல், தாழ்ப்பாள் உள்ள கழிப்பிடம், கைக்குழந்தைக்காரிக்கு ஒரு மறைவான இடம், இவை உண்டா? வேலை செய்கிற பெண்களின் குழந்தைகளை விட ஓர் அறை உண்டா?

இவற்றை எழுதி நாலு பேராகக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சுவர் எழும்புவதற்கு முன்னால் அனுப்புங்கள். திறப்பு விழா முடிந்தால் மூன்று மாதத்தில் வாசலில் ஜெராக்ஸ் கடை வந்துவிடும். டீக்கடை அதற்கும் முந்தி. பஸ் நிறுத்தத்துக்குக் கூரை மட்டும் தானாக வராது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.