அச்சில் இருந்த 1.159

ஒரு சிறுநீரக நோயாளியின் கிரியேட்டினின் அளவையும் வயதையும் பாலினத்தையும் 2009-ஆம் ஆண்டின் சிகேடி-எபி சூத்திரத்தில் இட்டால், சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் காட்டும் ஜிஎஃப்ஆர் 18 என வருகிறது. அவர் கறுப்பினத்தவர் என்று குறித்துவிட்டால், அதே எண்ணை 1.159-ஆல் பெருக்கி ஏறக்குறைய 21 என்று காட்டும். அமெரிக்காவில் டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம், ஜிஎஃப்ஆர் 20-க்கு இறங்கிய பிறகுதான் கணக்கில் ஏறும். அந்தப் பெருக்கெண்ணால் எத்தனையோ பேர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

அதை நீக்க முடிந்ததற்கு முதல் காரணம், அது எல்லோர் கண்ணிலும் படும்படி அச்சில் இருந்தது. மாணவர்களும் மருத்துவர்களும் ஏன் என்று கேட்டார்கள். 2017-இல் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை அதைக் கைவிட்டது. 2021-இல் இனத்தைக் கணக்கில் எடுக்காத புதிய சூத்திரம் வந்தது. 2023 ஜனவரியில், பாதிக்கப்பட்டோரின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தும்படி அமெரிக்க மாற்று அறுவை மையங்களுக்கு உத்தரவு போனது. ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்துக்குள் 14,000-க்கும் அதிகமான கறுப்பின நோயாளிகள் சராசரியாக இரண்டாண்டு முன்னுக்கு வந்தார்கள்.

இன்று மருத்துவர்களான நம்மில் பலர் வெளிநோயாளர் பிரிவிலேயே ஏஐ செயலிகளிடம் கேள்வி கேட்கிறோம். 2023 அக்டோபரில் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் சாட்ஜிபிடி, ஜிபிடி-4, பார்டு, கிளாட் ஆகிய நான்கையும் சிறுநீரகம், நுரையீரல் கொள்ளளவு, தோலின் தடிமன் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். நான்கிலுமே இனம் சார்ந்த பழைய தவறுகள் தலைகாட்டின. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம், அதனால் கிரியேட்டினினும் அதிகம் என்ற கைவிடப்பட்ட விளக்கமும் அவற்றில் ஒன்று. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது பதில்களும் மாறின.

எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். சூத்திரத்தில் இருந்த பிழையை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தது. ஏஐ மாதிரிக்குள் அது எங்கே இருக்கிறது, எந்த நூலிலிருந்து வந்தது என்று காட்ட வழியில்லை. ஜிபிடி-4 பற்றிய 2023 தொழில்நுட்ப அறிக்கை, பயிற்சித் தரவின் விவரங்களை வெளியிடப்போவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு 10 நிறுவனங்களின் வெளிப்படைத்தன்மையை மதிப்பிட்டபோது முதலிடத்துக்கே 100-க்கு 54தான் கிடைத்தது.

தசை குறைந்த, ஊட்டம் குறைந்த நோயாளிகளை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம். கிரியேட்டினினை மட்டும் நம்பினால் அவர்களின் சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இயங்குவதாகத் தோன்றும். எந்த மக்களின் தரவில் பழகியது என்று தெரியாத ஒரு செயலி, இந்த நோயாளியை நினைவில் வைத்துத்தான் பதில் சொல்கிறது என்று நாம் எப்படி நம்புவது? மருத்துவமனைக்கு ஏஐ வாங்குவோர் விலையைப் பேசும் முன் இதை எழுத்தில் கேட்க வேண்டும்: எந்தச் சூத்திரம், எந்த ஆண்டு வழிகாட்டி, யாருடைய தரவு? பதில் தராத நிறுவனத்தின் செயலியை நோயாளியின் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஏஐ சொன்னதைக் கொண்டு மருந்தின் அளவை மாற்றினால், கேஸ் ஷீட்டில் அதை எழுதிவைக்க வேண்டும். பின்னால் பிழை தெரியவந்தால் யாரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பதற்கு வேறு தடயம் இருக்காது.

இதே விதி நம் இதழுக்கும் பொருந்தும்: அடுத்த இதழ் முதல், கட்டுரையாளர்கள் பயன்படுத்திய ஏஐ மாதிரியின் பெயர், பதிப்பு, தேதி, கேட்ட கேள்வி ஆகியவற்றைக் கட்டுரையுடன் இணைத்து அனுப்ப வேண்டும். இணைக்காதவற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம்.