கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு

சித்திரை விடியற்காலை. பெரம்பலூர் பக்கம் எங்கள் வெங்காயக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனேன். வாய்க்காலில் ஒரு பெண் புள்ளிமான் குடித்துக்கொண்டிருந்தது. பத்தடி தூரம்தான், காதோரம் ஒட்டியிருந்த உண்ணிகூடத் தெரிந்தது. என்னைக் கண்டதும் முன்னங்காலைத் தரையில் ஒருமுறை தட்டியது. எங்கோ நாய் குரைக்க, ஒரே பாய்ச்சல். அந்தத் திசையில்தான் பக்கத்துக் கொல்லையின் திறந்த கிணறு! விளிம்பில் சறுக்கி, எப்படியோ திரும்பி, வேலியைத் தாண்டிவிட்டது. எனக்குத்தான் படபடப்பு அடங்கவில்லை.

காட்டுக்குட்டை வற்றினால் மான் ஊருக்குள் வரத்தான் செய்யும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆனால் மான் விழக்கூடிய கிணற்றுக்கு யார் பொறுப்பு? காப்புக்காட்டை ஒட்டிய கிணறுகளுக்குச் சுவர் எழுப்ப அரசு பணம் தர வேண்டும். காட்டுத் தொட்டிகளை மாசியிலேயே நிரப்ப வேண்டும். நாய் துரத்திய மானைச் சூழ்ந்துகொண்டு படமெடுக்காதீர்கள். அந்த மிரட்சியிலேயே அதன் உயிர் போய்விடக்கூடும்.

அன்று மாலையே அந்தக் கிணற்றைச் சுற்றிக் கருவேல முள் வெட்டிப் போட்டோம்.