வெட்டிய குழாய் வளராது

தில்லி ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் முன்சக்கர ஃபோர்க்கை ‘சிம்டா’ என்கிறார்கள். இடுக்கி என்று அர்த்தம். சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் சாமானுக்கு நல்ல பெயர்தான். அதில் ஸ்பிரிங் இருந்தால் அது ‘ஷாக்கர்’. இந்த இரண்டு சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சென்ற குளிர்காலத்தில் அந்தச் சந்தையைச் சுற்றினேன். எனக்கு வேண்டியது ஒரு பழைய ஷாக்கர்.

என்னிடம் இருப்பது 1995ஆம் வருட மௌன்டன் பைக். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுக் குடும்பத்திடம் வாங்கியது. ஸ்டீல் ஃபிரேம், 26 அங்குலச் சக்கரம், ஸ்பிரிங் இல்லாத முன்ஃபோர்க். பல வருடங்கள் புகாரில்லாமல் ஓடியது. நாற்பதைத் தாண்டிய பிறகு, ஞாயிறு காலையில் அரவல்லிக் கற்களின் மேல் ஓட்டிவிட்டு வந்தால் திங்கட்கிழமை பேனா பிடிக்க முடியவில்லை. மொழிபெயர்த்துப் பிழைப்பவளுக்கு மணிக்கட்டுதான் முதலீடு. போதாக்குறைக்கு என் மகளும் இப்போது அதே பைக்கை எடுத்துக்கொண்டு குன்றுகளுக்குப் போகிறாள்.

“புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்” என்றார்கள் நண்பர்கள். ஃபிரேமில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஃபோர்க்குக்காக முழு பைக்கைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரு ஃபோர்க் வாங்குவது இவ்வளவு பெரிய காரியமா என்றுதான் நினைத்தேன்.

பெரிய காரியம்தான். காரணம், இந்தச் சாமானின் குறுகிய சரித்திரம். மௌன்டன் பைக்குகள் 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டி மலைச்சரிவுகளில் உருவானபோது அவற்றில் ஸ்பிரிங் கிடையாது. மோட்டார் சைக்கிள் பந்தய மெக்கானிக்காக இருந்த பால் டர்னர் 1989இல் ராக்ஷாக்ஸ் கம்பெனியைத் தொடங்கி ஆர்எஸ்-1 என்ற ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது அமுங்கிய தூரம் 5 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்டின் பைக்கில் இருந்தது அதுதான். பிறகு எல்லோருக்கும் ஸ்பிரிங் வேண்டியிருந்தது. கம்பெனிகளுக்குள் போட்டி மூண்டது. சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஓர் அளவு மாறியது. பழைய பைக்குகள் அநாதைகளாயின.

எனவே பழைய ஃபோர்க் வாங்கப் போகிறவர் பணத்துக்கு முன்னால் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஸ்டீரர் குழாய். ஃபோர்க்கின் உச்சியிலிருந்து கிளம்பி, ஃபிரேமின் தலைக்குழாய்க்குள் புகுந்து, ஹேண்டில் பாரைத் தாங்கும் தண்டு இது. மிகப் பழைய பைக்குகளில் இதன் விட்டம் 25.4 மி.மீ. 1990களில் 28.6 மி.மீ. நிலைபெற்றது. இன்றைய நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை மேலே 28.6, கீழே 38.1 என்று அடி பருத்தவை. பழைய தலைக்குழாயில் அவை நுழையாது. இன்னொன்று, குழாயின் நுனியில் மரை இருக்கிறதா, வழவழவென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரை உள்ளதற்கும் இல்லாததற்கும் ஹெட்செட் வேறு, ஸ்டெம் வேறு.

அடுத்தது பிரேக். என் பைக்கில் ரிம்மைக் கவ்வும் வி-பிரேக். அதை மாட்ட ஃபோர்க்கின் கால்களில் இரண்டு குமிழ்கள் வேண்டும். டிஸ்க் பிரேக் வந்த பிறகு அந்தக் குமிழ்கள் மறைந்துவிட்டன. சக்கரத்தின் அச்சும் அப்படியே. பழைய 9 மி.மீ. அச்சு 15 மி.மீ. துளையில் நிற்காது.

மூன்றாவது, நீளம். சந்தையில் ஒருவர் 130 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்கைக் காட்டி, “இதைப் போட்டால் சோபா மாதிரி இருக்கும்” என்றார். என் பழைய ஃபோர்க் அச்சிலிருந்து உச்சிவரை 410 மி.மீ. அவர் காட்டியது ஏறத்தாழ 500. முன்பக்கம் அவ்வளவு உயர்ந்தால் பைக் நாற்காலி போலப் பின்னால் சாயும். ஒவ்வொரு 20 மி.மீட்டருக்கும் தலைக்குழாயின் கோணம் சுமார் ஒரு டிகிரி மாறும். ஏற்றத்தில் முன்சக்கரம் தரையில் நிற்காது. அந்தக் கோணத்துக்காகச் செய்யப்படாத ஃபிரேமின் கழுத்தில் பளுவும் கூடும். 80 மி.மீ. அமுங்கினால் என் பைக்குக்குப் போதும்.

இத்தனையும் பொருந்திய ஒன்று கடைசியில் ஒரு கடையின் மூலையில் கிடைத்தது. தூசி தட்டிப் பார்த்தால் ஸ்டீரர் குழாய் 165 மி.மீ. முந்தைய சொந்தக்காரர் தன் பைக்கின் அளவுக்கு வெட்டியிருந்தார். எனக்குத் தலைக்குழாய் 120, ஹெட்செட் 28, ஸ்டெம் 40, ஆக 188 மி.மீ.யாவது வேண்டும்.

“கவலை வேண்டாம், துண்டு வைத்து வெல்டிங் செய்து தருகிறேன். அரை மணி நேரம்” என்றார் கடைக்காரர். நம் தேசத்தின் தாரக மந்திரம், ஜுகாட். வெல்டிங்கோடு சேர்த்து அவர் சொன்ன விலை என் சபலத்தைத் தூண்டியது. சரி என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று இரண்டு சந்து தள்ளி உட்கார்ந்திருக்கும் வயதான மெக்கானிக்கிடம் ஃபோர்க்கை எடுத்துப்போனேன். எல்லோரும் அவரை உஸ்தாத் என்கிறார்கள்.

குழாயை விரலால் சுண்டினார். “அலுமினியம். சூடு பட்ட இடம் செத்துப்போகும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மொத்த பாரமும் இங்கேதான் வரும். இது சொல்லிக்கொண்டு உடையாது மேடம்ஜி. குழாயை வெட்டலாம், வளர்க்க முடியாது. யார் ஓட்டப்போவது?”

“என் பெண்ணும் ஓட்டுவாள்.”

அவர் மேற்கொண்டு பேசாமல் ஃபோர்க்கைத் திருப்பிக் கொடுத்தார். மொழிபெயர்ப்பில் சொல் பொருந்தாவிட்டால் வாசகர் முகம் சுளிப்பார். இங்கே முகமே போய்விடும்.

மேலும் இரண்டு மாதம் காத்திருந்தேன். பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞர் தன் பழைய பைக்கைப் பிரித்து விற்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். “அக்கா, 210 மி.மீ. இருக்கு, ரெண்டு தடவை அளந்துட்டேன்” என்றார். அமுக்கினால் சீராக எழுகிறதா, மினுமினுக்கும் கால்களில் கீறல் உண்டா, பக்கவாட்டில் ஆடுகிறதா, உள்ளே இருப்பது ஸ்பிரிங்கா ரப்பரா என்று கேட்டேன். 1990களின் பல ஃபோர்க்குகளில் ரப்பர் போன்ற எலாஸ்டோமர் கட்டைகள்தான் இருக்கும். வயதானால் அவை கல்லாக இறுகும் அல்லது பொடிந்து போகும். இவருடையது ஸ்பிரிங். 4,500 ரூபாய்க்குக் கூரியரில் வந்து சேர்ந்தது.

உஸ்தாத் முதலில் அதைத் திறந்து அழுக்கு எண்ணெயைக் கொட்டி, சீல்களை மாற்றினார். பழைய ஃபோர்க்கின் அடியிலிருந்த ஹெட்செட் வளையத்தைக் கழற்றிப் புதியதில் அடித்து ஏற்றினார். மேலே ஒரு சென்டிமீட்டர் வளையங்கள் சேர்த்தால் உயரம் 198. அதில் 3 மி.மீ. குறைத்து 195இல் வெட்ட வேண்டும். அப்போதுதான் மேல்மூடி குழாயில் முட்டாமல் ஹெட்செட்டை அழுத்தும். ரம்பத்தை வைக்கும் முன் மூன்று முறை அளந்தார். மேல்மூடியின் போல்ட் ஆட்டத்தை நீக்குவதற்கு மட்டுமே, ஹேண்டில் பாரைப் பிடித்திருப்பது ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்கள் என்பதை எனக்குப் பாடமாகவே நடத்தினார். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். ‘டொக்’ என்ற சத்தம் இல்லை. ஏறி உட்கார்ந்தபோது ஃபோர்க் 16 மி.மீ. இறங்கியது. 80இல் ஐந்தில் ஒரு பங்கு. அது போதும் என்றார்.

வெல்டிங் கூடாது என்று சொன்ன யோசனைக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, வேலைக்கான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மகள் முதலில் ஓட்டினாள். கல் நிறைந்த இறக்கத்தின் அடியில் பைக்கை நிறுத்திவிட்டுக் கத்தினாள். “அம்மா, பிரேக் பிடிச்சா முன்னாடி குனியுது!”

குனியட்டும். உடையாமல் இருந்தால் சரி.