கடைசி வரியைப் படிக்காமல் போர்மட் வேண்டாம்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. வின்டோஸ் 11 ஏற்காத பழைய லெப்டொப்களுக்கு உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுப்பது திருத்துநர்களுக்குப் பழகிய வேலை. அப்படி மாற்றிய இயந்திரம் 'வேலைக்கு நடுவே சட்டென்று அணைகிறது' என்ற முறைப்பாட்டோடு திரும்பி வந்தால், பழி லினக்ஸின் தலையில் விழுகிறது. மறுபடி போர்மட், மறுபடி இன்ஸ்டோல். காரணத்தைச் சொல்லக்கூடிய சாட்சியும் அதோடு அழிந்துபோகிறது.

அந்தச் சாட்சி, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜேர்னல். ஜேர்னல்சிடிஎல் கட்டளையோடு 'மைனஸ் பி மைனஸ் 1' சேர்த்தால் முந்தைய பூட்டின் பதிவு கிடைக்கும். 'மைனஸ் ஈ' நேரே கடைசி வரிக்குக் கொண்டுபோகும். அங்கே சேவைகள் ஒவ்வொன்றாக நின்று, டிஸ்க் ஒழுங்காக அன்மவுண்ட் ஆகியிருந்தால், அணையச் சொல்லி இயங்குதளத்துக்குக் கட்டளை வந்திருக்கிறது. பதிவு பாதியில் அறுந்து நின்றால், பெரும்பாலும் லினக்ஸுக்கே தெரியாமல் மின்சாரம் போயிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், கொழும்பைவிடக் குளிர்ச்சியான கண்டியில் சூட்டை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்கத்தான் வேண்டும். மூடியைக் கழற்றி மின்விசிறியின் இதழ்கள் சுத்தமாக இருக்கின்றன என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. விசிறியையே கழற்றினால், அதற்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டுபோல் அடர்ந்த தூசிப் படலம் ஒட்டியிருக்கும். காற்று அதைத் தாண்டுவதேயில்லை. சூடு எல்லையை மீறும்போது கேர்னல் 'கிரிட்டிக்கல் டெம்பரேச்சர் ரீச்ட்' என்று எழுதிவிட்டு அணைக்கும். சூடு அதைவிட வேகமாக ஏறினால் புரொசெசரே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அப்போது ஒரு வரிகூட மிஞ்சாது.

ஜேர்னலில் 'பவர் கீ பிரஸ்ட்' என்ற வரி இருந்து, யாரும் பொத்தானைத் தொடவில்லை என்று உரிமையாளர் சத்தியம் செய்தால் அவரை நம்பலாம். ஈரப்பதம் மிகுந்த மலைநாட்டில் பொத்தானின் ரிப்பன் இணைப்பில் துரு ஏறுவது நடக்கக்கூடியதே.

பற்றரியின் கதை இன்னும் நுட்பமானது. பற்றரியைக் கண்காணிக்கும் யூபவர் சேவை வழமையாக 2 சதவீதத்தில்தான் இயந்திரத்தை நிறுத்தும் அல்லது உறங்கவைக்கும். தேய்ந்த பற்றரி 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டே, புரொசெசர் கூடுதல் மின்சாரம் இழுக்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து விழும். யூபவருக்கு வாய்ப்பே வராது. 'யூபவர் மைனஸ் ஐ' காட்டும் இப்போதைய முழுக் கொள்ளளவைத் தயாரிப்புக் கொள்ளளவோடு ஒப்பிட்டால், பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். உப்பிய பற்றரியானால் சோதனையே வேண்டாம், உடனே அகற்ற வேண்டும்.

பற்றரி முற்றாகச் செத்த லெப்டொப், மேசைக் கணினி மாதிரிதான்; மின்சாரம் போனால் அதுவும் அணைந்துவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மாட்டிக்கொண்டதால் நாடு முழுதும் இருண்டபோது காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் மழைநாளில் கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் தாழ்ந்து எழும்போது விளக்குகூட ஒழுங்காகச் சிமிட்டாது. லெப்டொப் மட்டும் அணைந்திருக்கும். இதற்கு எந்த இன்ஸ்டோலும் மருந்தாகாது.

ஓர் எச்சரிக்கை. ஜேர்னல் சாதாரணச் செய்திகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் உறுதிப்படுத்துகிறது. மிக அவசரமானவற்றை உடனே எழுதும். ஆகவே திடீர் மின்வெட்டில் கடைசிச் சில நிமிடங்கள் காணாமல் போகலாம். வார் கோப்புறைக்குள் இருக்கும் லொக்கில் ஜேர்னல் என்ற கோப்புறை இல்லாவிட்டால், வழமையான அமைப்பில் பதிவு முழுவதும் நினைவகத்திலேயே இருந்து அணைந்ததும் மறைந்துவிடும். லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் அன்றைக்கே அந்தக் கோப்புறை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உருவாக்கிக் கொடுப்பது திருத்துநரின் கடமை.

பேராதனைக்கு மேலே நிற்கும் ஹந்தான மலையின் பெயரைத் தாங்கி, ஃபெடோராவிலிருந்து ஒரு லினக்ஸ் பதிப்பே உருவான நாடு இது. கண்டித் தொழில்நுட்பக் கல்லூரி முதல் தனியார் வகுப்புகள் வரை லெப்டொப் திருத்தம் கற்பிப்போர், இன்ஸ்டோல் பாடத்துக்கு முன்பாகவே ஜேர்னலைப் படிக்கும் பாடத்தை வைக்க வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. கடைகளில் வேலைச் சீட்டு எழுதுவோர், முந்தைய பூட்டின் கடைசி வரிக்கென்று அதில் ஓர் இடம் ஒதுக்கலாம்.