தலைப்புக்கு முன் வினா: தமிழ் முனைவர் பட்ட ஆய்வுச் சேர்க்கை குறித்துச் சில கருத்துகள்

முனைவர் பட்ட ஆய்வில் சேர விழையும் தமிழ் மாணவர் விண்ணப்பத்துடன் இணைக்கும் தாள்களுள் மிகக் குறைந்த கவனம் பெறுவது ஆய்வு முன்வரைவே ஆகும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், நெறியாளரின் இசைவுக் கடிதம், பணியிலிருப்போர்க்கான தடையின்மைச் சான்று ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் திருப்பப்படும். முன்வரைவு வலுவற்றது என்பதற்காகத் திருப்பப்படுவது அரிது. சில பக்கங்கள் நிரம்பியிருந்தால் போதும் என்ற எண்ணம் விண்ணப்பிப்போரிடமும் பரிசீலிப்போரிடமும் நிலவுகிறது. அண்மைக்கால விதிமாற்றங்களுக்குப் பின் இப்போக்கின் விளைவு கடுமையாகியுள்ளது. சேர்க்கை நிலையிலேயே ஆய்வு வினாவை மதிப்பிடும் பொறுப்பைத் தமிழ்த்துறைகள் ஏற்க வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

ஆய்வியல் நிறைஞர் விட்டுச்சென்ற வெற்றிடம்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்தின. அப்பட்டத்தின் மீது குறைகூறல்கள் பல இருந்தன. படைப்பாளரின் பெயர் மட்டும் மாற, அதே இயல் பகுப்பும் அதே முடிவுரையும் கொண்ட ஆய்வேடுகள் குவிந்தன என்பது மறுக்கவியலாதது. எனினும் அப்பட்டம் ஒரு பணியைச் செய்துவந்தது. வகுப்பறைக் குறிப்புகளை நம்பிப் படித்துவந்த மாணவர், முதன்முறையாகத் தாமே நூலகத்திற்குச் சென்று சான்று தேடவும், முன்னாய்வுகளைத் தொகுக்கவும், சிறிய அளவில் பிழை செய்து திருத்திக்கொள்ளவும் அது இடமளித்தது. முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கும்போது அவருக்குத் தம் ஆய்வுப்பொருள் குறித்து ஓரளவேனும் தெளிவு இருந்தது.

இன்று முதுகலை முடித்தவர் நேரே முனைவர் பட்டத்திற்கு வருகிறார். நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவரும் விண்ணப்பிக்க 2022 நெறிமுறைகள் வழிசெய்கின்றன. ஆய்வியல் நிறைஞர் பட்டம் ஆற்றிவந்த பயிற்சிப் பணியை வேறெந்த அமைப்பும் முழுமையாக ஏற்கவில்லை. சேர்ந்த பின் நடத்தப்படும் பாடப்பயிற்சிக்குக் குறைந்தது 12 மதிப்பலகுகள் வரையறுக்கப்பட்டுள்ளன. அது பயனுடையதே. ஆனால், அப்பயிற்சி தொடங்குவதற்கு முன்னரே நெறியாளரும் ஆய்வுப் பரப்பும் முடிவாகிவிடுகின்றன.

தேர்வு அளப்பதும் அளக்காததும்

தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்களை முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பயன்படுத்தலாம் என மானியக் குழு 2024 மார்ச்சில் அறிவித்தது. இதன்படி இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றோர் நேர்காணல் வழிச் சேர்க்கப்படுவர். ஏனையோர்க்குத் தேர்வு மதிப்பெண் 70 விழுக்காடும் நேர்காணல் 30 விழுக்காடும் கணக்கிடப்படும். தேர்வில் இரு தாள்களிலும் சேர்த்து 150 வினாக்கள். அனைத்தும் கொள்குறி வகையின. தொல்காப்பிய நூற்பாவையும் நூலாசிரியர்களின் கால வரிசையையும் நினைவில் நிறுத்தியவர் இதில் வெல்லலாம். பரந்த வாசிப்பைச் சோதிப்பதற்கு இத்தேர்வு ஓரளவு உதவும். ஒரு பாடலின் இருவேறு பாடங்களை ஒப்பிட்டு ஒன்றை ஏற்பதற்குக் காரணம் கூறும் திறனை எந்தக் கொள்குறி வினாவும் அளக்காது. விடை கூறும் ஆற்றலும் வினா எழுப்பும் ஆற்றலும் வெவ்வேறானவை. ஆய்வுக்கு வேண்டியது பின்னதே. அதனை அறிவதற்கு எஞ்சியிருப்பவை முன்வரைவும் நேர்காணலும் மட்டுமே.

நேர்காணலில் எவற்றை நோக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டு நெறிமுறைகள் மூன்று கூறுகளாக வகுத்தன. முன்மொழியும் ஆய்வைச் செய்யும் திறன் விண்ணப்பதாரர்க்கு உண்டா, அவ்வாய்வை அந்நிறுவனத்தில் செம்மையாக மேற்கொள்ள இயலுமா, அப்பரப்பு புதிய அறிவுக்குப் பங்களிக்குமா என்பன அவை. இம்மூன்றினும் தெளிவான அளவுகோல் வேறில்லை. ஆனால், முன்வரைவில் தலைப்பு மட்டும் இருந்து வினா இல்லாதபோது இவற்றுள் எதற்கும் விடை காண இயலாது.

தலைப்பும் வினாவும்

சான்றாக, ‘குறுந்தொகையில் தோழி’ என்பது ஒரு தலைப்பு. இதனைக் கொண்டு தோழியின் அறிவுத்திறம், தோழியின் அன்பு, தோழியின் பணிகள் என இயல்களை எளிதில் வகுத்துவிடலாம். பாடல்களைத் தொகுத்து அடுக்கினால் ஆய்வேடு உருவாகிவிடும். ஆனால் ஆய்வின் தொடக்கத்தில் அறியப்படாதிருந்தது எது, முடிவில் அறியப்பட்டது எது என்று கேட்டால் விடை இராது.

அதே பரப்பில் வினா ஒன்றை எழுப்பலாம். ஒரு பாடல் தோழி கூற்று என்பதைப் பாடலின் அகச்சான்று உணர்த்துகிறதா, பாடலுடன் வழங்கிவரும் கூற்றுக் குறிப்பு உணர்த்துகிறதா? குறிப்பை நீக்கிப் படித்தால் எத்தனைப் பாடல்களில் பேசுநர் தோழியே என உறுதிப்படும்? இவ்வினாவை முன்வைப்பவர்க்குச் செய்யவேண்டிய பணி உடனே தெளிவாகிறது. சௌரிப்பெருமாளரங்கனாரின் 1915ஆம் ஆண்டுப் பதிப்பையும் உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பையும் அவர் ஒப்பிட வேண்டும். ஏவா வில்டன் 2010இல் வெளியிட்ட செம்பதிப்பில் சுவடி வேறுபாடுகளைக் காண வேண்டும். தொல்காப்பிய உரையாசிரியர்கள் இப்பாடல்களை எந்தக் கூற்றுக்கு மேற்கோள் காட்டுகின்றனர் என்பதைத் தொகுக்க வேண்டும். முடிவு எதுவாயினும் அது அறிவுக்குப் புதுவரவாகும். தலைப்பு இங்கே வினாவிலிருந்து தானே பிறக்கிறது.

இவ்வினா நிறுவனத்தின் தகுதியையும் சோதிக்கிறது. அப்பதிப்புகள் துறை நூலகத்தில் உள்ளனவா? சுவடி வாசிப்பில் பயிற்சியுடைய பேராசிரியர் உள்ளாரா? நெறியாளருக்கான எண்ணிக்கை வரம்பு பேராசிரியர்க்கு 8, இணைப்பேராசிரியர்க்கு 6, உதவிப்பேராசிரியர்க்கு 4 என வகுக்கப்பட்டுள்ளது. இதனால் விண்ணப்பிப்போர் தம் பொருளில் வல்லவரைத் தேடுவதை விட்டுக் காலியிடம் உள்ளவரைத் தேடும் நிலை ஏற்பட்டுள்ளது. இலக்கண ஆய்வில் தோய்ந்தவரிடம் நாட்டார் வழக்காற்று மாணவரும், நவீன இலக்கியம் பயின்றவரிடம் பதிப்பாய்வு மாணவரும் சேர்கின்றனர். பின்னர் நெறியாளர்க்கு ஏற்பத் தலைப்பு மாறுகிறது. மாணவரின் ஆர்வம் அங்கேயே குன்றுகிறது.

மறுப்பும் விடையும்

சேர்க்கை நிலையிலேயே தெளிந்த வினாவைக் கேட்பது முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அநீதி இழைக்கும் என்ற மறுப்பு எழக்கூடும். நல்ல நூலகமற்ற ஊர்ப்புறக் கல்லூரியில் பயின்றவர், பெருநகர மாணவரைப் போல் முன்வரைவு எழுத இயலாது என்பது உண்மையே. இம்மறுப்பைப் புறந்தள்ளலாகாது. ஆயினும் இன்றைய முறை அவருக்கு எவ்வகையில் உதவுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வினாவின்றி உள்ளே அனுமதிக்கப்படுபவர்க்கு விதி தரும் கால எல்லை பொதுவாக ஆறு ஆண்டுகள். உதவித்தொகை இல்லாதவர் அவ்வாண்டுகளைப் பகுதிநேர ஊதியத்திலும் குடும்பத்தாரின் பொறுமையிலும் கழிக்கிறார். முன்வரைவைப் படிக்காமல் ஏற்பது சலுகை போலத் தோன்றினும், அதன் சுமை முழுவதும் அவர் மீதே விழுகிறது. மேலும், முற்றுப்பெற்ற திட்டத்தை எவரும் கேட்கவில்லை. முன்வரைவைச் சீர்செய்து தலைப்பை இறுதிப்படுத்துவது ஆய்வு ஆலோசனைக் குழுவின் கடமையாக நெறிமுறைகளிலேயே உள்ளது. விண்ணப்ப நிலையில் வேண்டுவது வினாவின் தொடக்கமே.

அத்தொடக்கத்திற்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது துறைகளின் கடமை. முதுகலை இறுதிப் பருவத்தின் திட்டக்கட்டுரையை மதிப்பெண் சடங்காக்காமல், ஒரு வினாவும் ஒரு மூலநூலும் கொண்ட சிறு ஆய்வாக மாற்றலாம். விண்ணப்ப அறிவிப்புக்கு முன் துறைதோறும் இரண்டு நாள் பயிலரங்கு நடத்தி, ‘சோத்கங்கா’ தளத்தில் முன்னாய்வுகளைத் தேடும் முறையையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பயன்படுத்தும் முறையையும் கற்பிக்கலாம். நூலகமற்ற ஊரின் மாணவர்க்கு இவை இரண்டும் செலவில்லாத வாயில்கள். நேர்காணலில் தன்விவரம் கேட்பதைக் குறைத்து, விண்ணப்பதாரர் தேர்ந்த பரப்பிலிருந்தே ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் செய்து உரையாடலாம். மறுக்கப்பட்ட முன்வரைவுக்குக் காரணத்தை நான்கு வரியிலேனும் எழுதித் தரலாம். மறு ஆண்டு விண்ணப்பிப்பவர்க்கு அந்நான்கு வரிகளே முதற்பாடமாகும்.

நிறைவாக

இவற்றுள் எதற்கும் புதிய சட்டமோ கூடுதல் நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. முன்வரைவைப் படிப்பதற்கு நேரமும் படித்ததைப் பற்றி உரையாடுவதற்கு மனமும் போதுமானவை. ஆய்வேட்டின் தரம் குறித்த கவலை பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு நாளில் வெளிப்படுகிறது. அன்று திருத்துவதற்கு எதுவும் எஞ்சியிருப்பதில்லை. அக்கவலையை விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் நாளுக்கு முன்னகர்த்துவதே தமிழாய்வுக்கும் ஆய்வாளருக்கும் துறைகள் செய்யத்தக்க நன்மையாகும்.