எஞ்சினை இறக்குமுன் வகுப்பை முடிவு செய்யுங்கள்

பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளில்தான் நம் கராஜ்களில் இந்தக் கேள்வி எழும்: இந்தக் கார் எந்த வகுப்பு? பதிவுப் புத்தகத்தில் 1,500 சி.சி. சிவிக். பொனட்டைத் திறந்தால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலிருந்து வந்த பி16ஏ எஞ்சின். கதவுகள் பைபர், பின் இருக்கை இல்லை, கியர் பெட்டிக்குள் எல்.எஸ்.டி. "1,600க்குள்தானே" என்கிறார் உரிமையாளர்.

சி.சி. பாதிக் கணக்குத்தான். செய்த பத்து மாற்றங்களில் ஒன்பது கீழ் வகுப்புக்கு அடங்கினாலும், பத்தாவது அடங்காவிட்டால் கார் மேல் வகுப்புக்குப் போயாக வேண்டும். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. ஆட்டோகுரோஸில் ஸ்ட்ரீட் தொடங்கி ஸ்ட்ரீட் டூரிங், ஸ்ட்ரீட் பிரிப்பேர்ட், பிரிப்பேர்ட், மொடிபைட் என்று வகுப்புகள் ஏறுவது இந்த அடிப்படையில்தான். எப்.ஐ.ஏ.வின் 'இணைப்பு ஜே'யும் அதையே சொல்கிறது: வெளிப்படையாக அனுமதிக்கப்படாத மாற்றம் தடைசெய்யப்பட்டது. நம் பாஸ்மார் பலர் விதியைத் தலைகீழாக வாசிக்கிறார்கள். "கூடாதென்று எங்கே போட்டிருக்கு?" என்ற வாதம் பரிசோதனைக் கொட்டகையில் எடுபடாது.

சி.சி.யையாவது சரியாக அளக்கிறோமா? பி16ஏயின் சிலிண்டர் விட்டம் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 77.4, மொத்தம் 1,595 சி.சி. அரை மி.மீ. ரீபோர் அடித்தால் 1,615. அந்தக் கூடுதல் 20 சி.சி.க்கு வகுப்பின் எல்லை இடம் தருகிறதா என்பதை லேத்துக்கு அனுப்புமுன் பார்க்க வேண்டும். போர்ட் லேசர்/மஸ்டா 1,300 வகுப்பிலும் இதே சிக்கல்தான்: 1,296 சி.சி. ஈ3 எஞ்சின், அரை மி.மீ.யில் 1,313 ஆகிவிடும்.

பி18சியின் சிலிண்டர் விட்டமும் அதே 81தான். ஸ்ட்ரோக் மட்டும் 87.2, கொள்ளளவு 1,797. ஹெட்டைக் கழற்றி விட்டத்தை மட்டும் அளப்பவர் ஏமாறுவார். ஹெட்டைத் தொடவே வேண்டாம். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியே மெல்லிய கம்பியைச் செங்குத்தாக விட்டு, கிராங்கைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சியில் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. இரண்டு எஞ்சினுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பள்ளிக்கூட அடிமட்டத்திலேயே தெரியும்.

டர்போ வந்தால் கணக்கு மாறும். பெற்றோல் டர்போவுக்கு எப்.ஐ.ஏ. வழக்கம் 1.7ஆல் பெருக்குவது (குரூப் பி காலத்தில் 1.4). 1,331 சி.சி. ஸ்டார்லட் டர்போ 2,263 ஆகிவிடும். அநியாயம் என்பார்கள். தியத்தலாவையில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 4,000 அடிக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் சாதாரண எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை இழக்கிறது; டர்போகாரர் பூஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டி, இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்கிறார். கொழும்பில் சமமாக ஓடிய இரண்டு கார்கள் இங்கே சமமாக ஓடா.

எல்லாம் செய்து முடித்த காருக்கு எஸ்.எல்.-ஜி.டி. 3,500 போன்ற பெரிய வகுப்புதான் கதி. 1,600 எஞ்சினோடு அங்கே போய்க் கடைசியாக வருவதைவிட, பைபர் கதவைக் கழற்றிவிட்டுப் பழைய இரும்புக் கதவை மாட்டுவது மலிவு. தோட்டத்து லயத்திலிருந்து வந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கார் கட்டும் பையன்களுக்கு இதை முதல் நாளே சொல்வது பாஸின் கடமை.

2024 ஏப்ரல் 21 அன்று இதே தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் சுப்பர்குரோஸ் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தனர். அதை வகுப்புப் பிரிப்போடு நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் பந்தயத்துக்கு முந்திய பரிசோதனையை வெறும் கையெழுத்துச் சடங்காக நடத்தும் காலம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை கராஜ்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பந்தயக் காருக்கும் ஒரு தாள் வையுங்கள்: எஞ்சின் இலக்கம், அளந்த விட்டம், அளந்த ஸ்ட்ரோக், எடை, மாற்றிய ஒவ்வொரு பாகம், அதை அனுமதிக்கும் விதியின் இலக்கம். விதி இலக்கம் எழுத முடியாத வரி ஒன்று இருந்தால், படிவத்தை நிரப்புமுன் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள்.